கழுத்தைப் பிடித்தால் கோணிக்கொள்கிறதே!

போன இதழில் கிண்ணம் வனைவதைப் பற்றி எழுதி முடிக்கும்போது, "கிண்ணம் கைக்கு வந்துவிட்டதா? சரி, அடுத்து சின்னதாக ஒரு பூ ஜாடி வனையுங்கள். முதல் இருபதையும் நெடுக்காக அறுத்துப் பாருங்கள்" என்று போகிறபோக்கில் இரண்டு வரி சேர்த்திருந்தேன். அந்த இரண்டு வரிக்குத்தான் இந்த மாதத் தபால் முழுவதும். கிண்ணம் நம் தப்பை மூடிமறைத்துவிடும். ஜாடி அப்படியில்லை, ஊர் கூட்டிச் சொல்லிவிடும். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கழுத்தைப் பற்றியவை. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

கேள்வி: கிண்ணம் நன்றாக வருகிறது. உருளையும் ஓரளவு நேராக வருகிறது. ஜாடிக்காகக் கழுத்தைக் குறுக்க ஆரம்பித்ததும் கொசுவம் வைத்த மாதிரி மடிப்பு மடிப்பாக விழுகிறது. இன்னும் கொஞ்சம் அழுத்தினால் ஒரு முறுக்கு முறுக்கிக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிடுகிறது. நான் பல் மருத்துவர். கை நடுக்கம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

சொல்லவில்லை டாக்டர். உங்கள் கை மேல் எனக்குச் சந்தேகமே இல்லை. கணக்கைப் பாருங்கள். உருளையின் வாய் 8 சென்டிமீட்டர் அகலம் என்றால் அதன் சுற்றளவு சுமார் 25 சென்டிமீட்டர். நீங்கள் கொண்டுவர நினைக்கும் கழுத்து 3 சென்டிமீட்டர் என்றால் சுற்றளவு ஒன்பதரையைக்கூடத் தொடாது. இடையில் பதினைந்து சென்டிமீட்டருக்கு மேல் மண் மிச்சம். அது எங்கே போகும்? மெதுவாகக் குறுக்கினால் சுவர் தடிக்கும், கொஞ்சம் மேலேயும் ஏறும். அவசரப்படுத்தினால் போக்கிடம் இல்லாமல் மடிந்துகொள்ளும். நீங்கள் பார்த்த கொசுவம் அதுதான்.

அதனால் ஒரே மூச்சில் குறுக்க வேண்டாம். ஐந்தாறு தடவையாகப் பிரித்துக்கொள்ளுங்கள். இரண்டு கட்டைவிரல், இரண்டு ஆள்காட்டி விரல், இரண்டு நடுவிரல் என்று ஆறு இடங்களில் ஜாடியைச் சுற்றிப் பிடியுங்கள். பிடி தோளுக்குக் கொஞ்சம் கீழே தொடங்கட்டும். அங்கிருந்து மெதுவாக மேலே வந்து வாயில் முடியட்டும். வாயை மட்டும் பிடித்து நெரிப்பவர்களுக்குத்தான் முறுக்கு விழுகிறது. கை மெதுவாகப் போக வேண்டும், சக்கரம் மட்டும் சுவரை ஏற்றியபோது சுற்றியதைவிடக் கொஞ்சம் வேகமாகச் சுற்ற வேண்டும். பழகுபவர்கள் பயத்தில் சக்கரத்தைக் குறைத்துவிட்டுக் கையை இறுக்குகிறார்கள். நேர் எதிர்!

ஒவ்வொரு தடவை குறுக்கிய பிறகும் சுவர் தடித்திருக்கும் அல்லவா? ஒரு விரலை உள்ளே விட்டு, வெளியே இன்னொரு விரலை வைத்து, அந்தத் தடிப்பை மெல்ல மேலே ஏற்றிவிடுங்கள். விளிம்பு அலையடித்தால் ஈரத் தோல் துண்டை மடித்து அதன் மேல் வைத்து ஒரு சுற்று அமுக்குங்கள். பிறகு மறுபடி குறுக்குங்கள். கழுத்து நீளுவது இப்படித்தான். குறுக்கலும் ஏற்றலும் மாறி மாறி வர வேண்டும்.

வழுக்கலுக்குத் தண்ணீரைத் தொடாதீர்கள். வனையும்போது கையில் வழிகிற மண்குழம்பு இருக்கிறதே, அதைத் தடவிக்கொள்ளுங்கள். தண்ணீர் ஒரு சுற்றில் ஓடிவிடும், அதோடு சுவருக்குள்ளும் இறங்கும். குழம்பு அங்கேயே நிற்கும்.

இத்தனை செய்தும் முறுக்கினால் தப்பு கழுத்தில் இல்லை. கால் மணி நேரத்துக்கு முன்னால் நடந்த ஏதோ ஒன்றுக்குக் கழுத்து தண்டனை அனுபவிக்கிறது. ஒருபக்கம் மெலிந்த சுவர், ஊறிப்போன மண், அளவுக்கு மேல் அகலமாகத் திறந்த வாய் என்று எதுவாகவும் இருக்கலாம். ஜாடிக்கு வனையும் உருளை நேர் உருளையாக இருக்கவே கூடாது. சுற்றுகிற மண்ணுக்கு வெளியே விரிவதில்தான் ஆசை. ஒவ்வொரு ஏற்றலிலும் மேல்பகுதியை உள்ளே சாய்த்துக்கொண்டே வந்தால், கடைசியில் குறுக்க வேண்டியது பாதிதான் இருக்கும். 8 சென்டிமீட்டர் வாயை எதற்கு விட்டீர்கள் என்பதுதான் என் முதல் கேள்வியாக இருந்திருக்க வேண்டும்.

நான் கற்றுக்கொண்ட இடத்தில் ஆசிரியர் அதிகம் பேசமாட்டார். நாங்கள் ஒரு ஜாடியை முடித்து நிமிர்ந்து பெருமையாகப் பார்க்கும் நேரமாகப் பார்த்து வருவார். கம்பியை வாயில் வைத்து அடிவரை ஒரே இழுப்பு. இரண்டு பாதியாகப் பிளந்து விழும். ஒரு வார்த்தை இல்லாமல் அடுத்தவரிடம் போய்விடுவார். முதல் வாரம் எனக்கு அழுகை வந்தது. இரண்டாம் வாரம் கோபம். மூன்றாம் வாரம்தான் அந்தப் பிளந்த பாதியைக் குனிந்து பார்க்க ஆரம்பித்தேன். அடியில் விரற்கடை தடிப்பு, நடுவில் காகிதம், தோளில் மறுபடி தடிப்பு. என் சுவர் எலியை விழுங்கிய பாம்பு மாதிரி இருந்தது! வெளியிலிருந்து பார்த்தால் லட்சணமான ஜாடி. அன்றைக்குப் புரிந்ததை இருபத்திரண்டு வருஷமாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்: அறுத்துப் பாருங்கள். சுவர் அடியிலிருந்து தோள்வரை ஒரே தடிப்பில் வந்து, தோளுக்கு மேல் மட்டும் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் அந்த ஜாடியின் கழுத்தை எப்படிப் பிடித்தாலும் கோணாது.

வயிறும் கழுத்தும் எதை முன்னால் செய்வது என்று இன்னும் இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். சின்ன ஜாடியில் வயிறுதான் முதலில். இரண்டு விரல் நுழையும் அளவுக்கு வாய் இருக்கும்போதே உள்ளேயிருந்து தள்ளி வயிற்றைக் கொண்டுவந்துவிடுங்கள். உள்ளே தேங்கிய தண்ணீரையும் அப்போதே குச்சியில் கட்டிய ஸ்பாஞ்சால் ஒற்றி எடுத்துவிடுங்கள். கழுத்தை மூடிய பிறகு தண்ணீர் ஞாபகம் வந்து என்ன பயன்? குறுக்கும்போது வயிற்றில் பள்ளம் விழுந்துவிட்டால் ஒரு வித்தை இருக்கிறது. சக்கரத்தை நிறுத்தி, ஜாடியின் வாயில் வாயை வைத்து மெல்ல ஊதுங்கள். பள்ளம் தானாக வெளியே வந்துவிடும். மண் மீசையோடு நிமிர்வீர்கள், பரவாயில்லை.

கேள்வி: அக்கா, கழுத்தெல்லாம் அப்புறம். எனக்கு மண் நடுவிலேயே நிற்க மாட்டேன் என்கிறது. அரை மணி நேரம் போராடுகிறேன். பக்கத்தில் இருப்பவர் இரண்டு நிமிடத்தில் நிறுத்திவிட்டு என்னைப் பாவமாகப் பார்க்கிறார். நான் கல்லூரி மாணவி, ஒல்லியாக இருப்பேன். பலம் போதவில்லையா?

தங்கச்சி, அரை மணி நேரம் போராடிய மண்ணைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புது மண் எடு. அது உன்னைவிடக் களைத்துப்போயிருக்கிறது. களிமண் என்பது கண்ணுக்குத் தெரியாத சின்னஞ்சிறு தட்டையான செதில்கள். செதில்களுக்கு நடுவே மெல்லிய தண்ணீர்ப் படலம் இருப்பதால்தான் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி, நாம் சொன்ன வடிவத்துக்கு வருகிறது. தண்ணீர் கூடிப்போனால் வழுக்கல் மட்டும் மிஞ்சும், பிடிப்பு போய்விடும். பத்துப் பதினைந்து நிமிடத்தில் மையத்துக்கு வராத மண் அதற்குப் பிறகு வருவது அபூர்வம்.

பலம் வேண்டாம், எலும்பு போதும். இடது முழங்கையை இடது தொடையில், அல்லது இடுப்பெலும்பில், அசையாமல் ஊன்றிக்கொள். இப்போது உன் முன்கை ஒரு முட்டுக்கட்டை. மண் வந்து வந்து அதில் மோதும், முட்டுக்கட்டை நகராது. மோதி மோதி மண்தான் அடங்கும். வலது கை மேலிருந்து அமுக்கட்டும். பழகுபவர்கள் செய்கிற தப்பு, ஆடுகிற மண்ணோடு சேர்ந்து கையும் ஆடுவது. அப்படி ஆடினால் அது நடனம், வனைதல் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு செய்துபார். கண் பார்த்தால் கை பின்தொடர்ந்துவிடும்.

எவ்வளவு மண் எடுக்கிறாய் என்று எழுதவில்லை. சின்ன ஜாடிக்கு அரைக் கிலோ போதும், அதைத் தராசில் நிறுத்து எடு. ஒரு கிலோவோடு மல்லுக்கட்டிக்கொண்டு ஒல்லி உடம்பைக் குறை சொல்லாதே. உருண்டையைத் தட்டில் அறைந்து ஒட்டும் முன் தட்டு ஈரமாக இருக்கலாம், நனைந்திருக்கக் கூடாது. நனைந்த தட்டில் உருண்டை மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கும், நீ மையம் வரவில்லை என்று நினைத்துக்கொண்டிருப்பாய்.

மையத்துக்கு வந்த பிறகு கையை வெடுக்கென்று எடுக்காதே. எடுப்பதும் மெதுவாகத்தான். வெடுக்கென்று எடுத்தால் அதுவரை செய்தது போச்சு. பக்கத்தில் இருப்பவர் பாவமாகப் பார்க்கட்டும், போன வருஷம் அவரையும் யாராவது அப்படிப் பார்த்திருப்பார்கள்.

கேள்வி: நான் இடது கைக்காரன். சக்கரத்தைத் திருப்பிச் சுற்றவிட வேண்டுமா?

வேண்டுமானால் விடலாம். பல மின்சக்கரங்களில் திசை மாற்றும் விசை இருக்கிறது. இடஞ்சுழியாகச் சுற்றும் சக்கரத்தில் வலது கை வெளியே, இடது கை உள்ளே, வேலை சக்கரத்தின் வலப்பக்கத்தில். திசையை மாற்றினால் எல்லாமே கண்ணாடியில் பார்த்த மாதிரி மாறும். ஜப்பானில் வலது கைக்காரர்களே காலங்காலமாக வலஞ்சுழியாகச் சுற்றவிட்டுத்தான் வனைகிறார்கள். ஆகவே இதில் சரி, தப்பு கிடையாது. ஆனால் இரண்டு கைக்கும் சமமான வேலை இருப்பதால், மற்றவர்களின் சக்கரத்திலும் உட்கார நேரும் என்றால் வழக்கமான திசையிலேயே பழகிவிடுவது சௌகரியம் என்பேன்.

கேள்வி: அம்மா, நான் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். சுட்ட பிறகு ஜாடி சுருங்கும் என்கிறார்கள். என் மண் 12 சதவீதம் சுருங்கும் என்று பையில் அச்சிட்டிருக்கிறது. 12 சென்டிமீட்டர் உயர ஜாடி வேண்டுமென்று 12 சதவீதம் கூட்டி 13.4 சென்டிமீட்டருக்கு வனைந்தேன். சூளையிலிருந்து வந்தது 11.8 தான். சூளை ஏமாற்றுகிறதா?

ஐயா, சூளை ஏமாற்றவில்லை. நீங்கள் ஒரு மாணவனுக்கு மதிப்பெண் குறைத்திருக்கக்கூடிய தப்பைத்தான் செய்திருக்கிறீர்கள். சுருக்கம் ஈர அளவில் 12 சதவீதம், சுட்ட அளவில் இல்லை. ஆகவே கூட்டக் கூடாது, 0.88 ஆல் வகுக்க வேண்டும். 12 ஐ 0.88 ஆல் வகுத்தால் 13.6. அந்த இரண்டு மில்லிமீட்டரைத்தான் சூளை கேட்டிருக்கிறது.

உங்களுக்குப் பிடித்த மாதிரி இன்னொன்று சொல்கிறேன். சுருக்கம் நீளம், அகலம், உயரம் மூன்றிலும் நடக்கிறது. 0.88 ஐ மூன்று முறை பெருக்கிப் பாருங்கள், 0.68 வரும். அதாவது ஜாடி கொள்ளும் தண்ணீரில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு சூளையோடு போய்விடுகிறது. ஈரமாக இருக்கும்போது 2 சென்டிமீட்டர் இருந்த கழுத்துத் துவாரம் 1.76 ஆகிவிடும். உள்பக்கம் கிளேஸ் என்கிற கண்ணாடிப் பூச்சு பூசினால் இன்னும் கொஞ்சம் குறையும். ஒற்றைப் பூவுக்கென்று அளவாக வைத்த கழுத்தில் காம்பு நுழையாமல் நான் விழித்த அனுபவம் உண்டு.

பையில் அச்சிட்ட எண்ணை முழுசாக நம்பவும் வேண்டாம். எத்தனை டிகிரிக்குச் சுடுகிறோம் என்பதைப் பொறுத்து அது மாறும். மண்ணைப் பட்டையாகத் தட்டி, அதில் சரியாக 10 சென்டிமீட்டர் கோடு கீறி, உங்கள் ஜாடிகளோடு சேர்த்துச் சுட்டு எடுங்கள். கோடு 8.8 ஆக வந்தால் 12 சதவீதம். அந்தப் பட்டையைச் சக்கரத்தின் பக்கத்தில் தொங்கவிட்டுக்கொண்டால் அதுதான் உங்கள் வாய்ப்பாடு.

கேள்வி: நகம் வளர்த்துக்கொண்டு வனையலாமா?

வெட்டிவிடுங்கள்.

கேள்வி: வனையும்போது எந்தக் குறையும் இல்லை. காய்ந்த பிறகு பார்த்தால் அடியில் பாம்பு நெளிந்த மாதிரி ஒரு விரிசல். இது வரைக்கும் நான்கு ஜாடி இப்படிப் போயிற்று. இன்னொன்று சூளையில் வெடித்துவிட்டது. காற்றுக்குமிழ் இருந்திருக்கும் என்கிறார்கள். மண்ணை நூறு தடவை பிசைந்தேன்!

இரண்டும் வேறு வேறு நோய்.

விரிசலுக்குக் காரணம் அடிமண்ணை நீங்கள் அமுக்காமல் விட்டது. சுவரை ஏற்றும்போது அந்த மண் விரல்களுக்கு நடுவில் நசுங்கி நசுங்கி இறுகுகிறது. அடியை யாரும் கவனிப்பதில்லை. குழியைத் திறந்ததும் விரல் நுனியாலோ ஈர ஸ்பாஞ்சாலோ நடுவிலிருந்து ஓரத்துக்கும், ஓரத்திலிருந்து நடுவுக்கும் நாலைந்து முறை அழுத்தித் தேயுங்கள். அப்புறம் அந்தத் தேங்கிய தண்ணீர். உள்ளே குளம் கட்டி நின்றால் அடி கடைசிவரை ஊறிக்கிடக்கும், சுவர் முந்திக் காயும், இழுபறியில் அடி கிழியும். வனைந்த உடனே கம்பியால் அறுத்துத் தட்டிலிருந்து விடுவித்துவிடுங்கள். ஒட்டியபடியே காய்ந்தால் சுருங்க முடியாமலும் கிழியும். முதல் இரண்டு நாள் பிளாஸ்டிக் உறையைத் தளர்வாகப் போட்டு மூடி வையுங்கள். கழுத்துக்கு மட்டும் தனியாக ஒரு சுற்று சுற்றினால் இன்னும் நல்லது. மெலிந்த இடம்தான் முந்திக் காயப் பார்க்கும்.

வெடிப்புக்குக் காற்றின் மேல் பழி போடுவது குயவர்களுக்குள் ரொம்ப நாள் பழக்கம். குற்றவாளி ஈரம். காய்ந்துவிட்டது என்று நாம் நினைக்கும் ஜாடியின் உள்ளே ஈரம் ஒளிந்திருக்கும். சூளை நூறு டிகிரியைத் தாண்டியதும் அது நீராவி ஆகி, ஆயிரத்து அறுநூறு மடங்குக்கு மேல் இடம் கேட்கும். சுவர் எங்கே இடம் தரும்? குமிழ் இருந்தாலும் மண் நன்றாகக் காய்ந்திருந்தால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. அதற்காகப் பிசைவதை விட்டுவிடாதீர்கள். குமிழ் இருந்தால் வனையும்போதே விரல் இடறும், சுவரும் ஒருபக்கம் மெலியும்.

ஜாடியைத் தூக்கிக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. அடியில் வைத்துப் பார்ப்பது முக்கியம், எல்லோரும் கழுத்தை வைத்துப் பார்த்து ஏமாறுகிறார்கள். சூளையிலும் நூறு டிகிரியைத் தொடும் முன், எண்பது தொண்ணூறிலேயே சில மணி நேரம் நிறுத்திவைத்தால் நல்லது. 573 டிகிரியில் இன்னொரு கண்டம் உண்டு. மண்ணில் இருக்கும் குவார்ட்ஸ் அங்கே சட்டென்று அளவு மாறும். ஏறும்போதும் இறங்கும்போதும் அந்த இடத்தை நிதானமாகக் கடக்க வேண்டும்.

எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? ஒரு தடவை பொதுச் சூளை ஒன்றில் என் ஜாடி ஒன்றே ஒன்று வெடித்தது. அதைச் சுற்றியிருந்த பதினோரு பேருடைய பாத்திரங்களில் சில்லுகள் தெறித்திருந்தன. பதினோரு பேரிடமும் தனித்தனியாக மன்னிப்புக் கேட்டேன். ஒன்பதாவது ஆள்தான் இந்தக் கன்ன வித்தையைச் சொல்லிக்கொடுத்தார்.

கேள்வி: சுட்டு, உள்ளும் புறமும் கிளேஸ் பூசிய ஜாடி. பூ வைத்தால் காலையில் மேஜை நனைந்திருக்கிறது. ஓட்டை எதுவும் தெரியவில்லை.

ஓட்டை இருக்காது. மண் இறுகவில்லை. தாழ்ந்த சூட்டில், 1000, 1100 டிகிரியில் சுடும் மண் கடைசிவரை தண்ணீர் குடிக்கிற மண்ணாகவே இருக்கும். கிளேஸ் ஒரு கண்ணாடிப் பூச்சு. அதில் கண்ணுக்குத் தெரியாத மயிரிழை வெடிப்பு விழுந்தாலே போதும், அதன் வழியே தண்ணீர் இறங்கி, மண்ணில் ஊறி, பூச்சு இல்லாத அடி வழியாகக் கசியும். ஸ்டோன்வேர் மண்ணை அதற்குரிய 1200க்கு மேற்பட்ட சூட்டில் சுட்டால் மண்ணே பாதி கண்ணாடி ஆகி இறுகிவிடும். கிளேஸ் இல்லாமலே தண்ணீரைத் தாங்கும். ஆகவே, மண்ணுக்கு எந்தச் சூடு சொல்லியிருக்கிறதோ அதற்குச் சுட்டீர்களா என்று பாருங்கள். எந்த ஜாடியையும் யாருக்காவது கொடுக்கும் முன் தண்ணீர் நிரப்பி ஒரு ராத்திரி செய்தித்தாள் மேல் வைத்துப் பாருங்கள். தாள் நெளிந்தால் கசிவு. இப்போது கையில் இருக்கும் ஜாடியை எறிய வேண்டாம், கழுத்துக்குள் போகிற மாதிரி ஒரு சோதனைக்குழாயை உள்ளே இறக்கி அதில் பூவை வையுங்கள். வெளியே யாருக்குத் தெரியப்போகிறது?

கேள்வி: காய்ந்து உதிர்ந்த மண்ணைத் துடைப்பத்தால் பெருக்கும்போது தூசு பறக்கிறது. முகத்தில் துணி கட்டிக்கொண்டால் போதுமா?

போதாது. பெருக்கவே கூடாது. அந்தத் தூசில் சிலிக்கா இருக்கிறது. வருஷக்கணக்கில் நுரையீரலில் சேர்ந்தால் திரும்பிப் போகாது. ஈரத்துணியால் துடையுங்கள், தரையைத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

கேள்வி: ஒரு சாண் உயரக் கழுத்து வேண்டும். ஒரே மண்ணில் எனக்கு வரவில்லை. கழுத்தைத் தனியாக வனைந்து ஒட்டினேன். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எங்கள் வகுப்பில் ஒருவர் அது ஏமாற்று வேலை என்கிறார்.

அவரிடம் லூசி ரீயைப் பற்றிச் சொல்லுங்கள். 1902இல் வியன்னாவில் பிறந்து, 1938இல் லண்டனுக்குத் தப்பி வந்து, 1995இல் மறையும்வரை அங்கேயே இருந்தவர். நீண்ட கழுத்தும் மலர்ந்த வாயுமாக அவர் செய்த ஜாடிகளை இன்றைக்கு அருங்காட்சியகங்களில் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். அந்த ஜாடிகளைத் தனித்தனித் துண்டாக வனைந்து ஒட்டித்தான் செய்தார். அதை ஏமாற்று என்று யாரும் கண்ணாடிமேல் எழுதி ஒட்டவில்லை.

ஒட்டுவதில் ஒரே ஒரு சட்டம்: இரண்டு துண்டும் ஒரே ஈரத்தில் இருக்க வேண்டும். இரண்டும் செருப்புத்தோல் மாதிரி விறைத்த பதத்துக்கு வந்ததும், ஒட்டும் இடங்களைக் கீறி, மண்குழம்பு தடவி, லேசாகத் திருகி அமுக்குங்கள். ஈரக் கழுத்தை உலர்ந்த வயிற்றில் ஒட்டினால் அன்றைக்கு ஒட்டும், சூளையில் விவாகரத்து.

கேள்வி: முறுக்கிக்கொண்ட ஜாடியைப் பார்த்து வீட்டில் எல்லோரும், "இதுதான் அழகாக இருக்கிறது, இப்படியே சுடு" என்கிறார்கள். சுடலாமா?

வீட்டார் சொல்வதில் நியாயம் உண்டு. அமெரிக்காவில் பிலாக்ஸி என்ற ஊரில் ஜார்ஜ் ஓஹ்ர் என்றொரு குயவர் இருந்தார். காகித மெலிவுக்கு ஜாடியை வனைந்துவிட்டு, அதை வேண்டுமென்றே முறுக்கி, கசக்கி, மடித்துவைப்பார். தன்னைப் பைத்தியக்காரக் குயவன் என்று அவரே பலகை எழுதி மாட்டிக்கொண்டவர். 1918இல் அவர் போன பிறகு ஆயிரக்கணக்கான ஜாடிகள் அரை நூற்றாண்டுக் காலம் பெட்டிகளில் அடைந்து கிடந்தன. இன்றைக்கு அவற்றுக்குத் தனி அருங்காட்சியகமே இருக்கிறது.

ஆனால் அவர் முறுக்கியது, உங்களுடையது முறுக்கிக்கொண்டது. அந்த வித்தியாசம் உங்களுக்குத் தெரியும், அதனால்தான் எனக்கு எழுதிக் கேட்கிறீர்கள். ஒன்றைச் சுட்டு வைத்துக்கொள்ளுங்கள், நானும் வைத்திருக்கிறேன், அதில் பேனா போட்டிருக்கிறேன். மிச்சத்தைக் கரைத்து மறுபடி மண்ணாக்குங்கள்.

கேள்வி: நீங்கள் சொன்னபடி பதினாறு ஜாடி அறுத்துவிட்டேன் அக்கா. பதினேழாவது நேற்று ராத்திரி வந்தது. சின்ன வயிறு, குட்டிக் கழுத்து, கொஞ்சமும் கோணாமல் நிற்கிறது. கம்பியைக் கையில் எடுத்தேன். மனசு வரவில்லை. இன்னும் மூன்று பாக்கி இருக்கிறதே, அறுக்கத்தான் வேண்டுமா?

வேண்டாம். கம்பியைக் கீழே வையுங்கள். பதினெட்டாவதிலிருந்து மறுபடி தொடங்கலாம்.

இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வரும்போது அது காய்ந்தே போயிருக்கும், ஆகவே இது அடுத்த ஜாடிக்கு: அடியைச் சீவ வேண்டுமே, அவ்வளவு சின்னக் கழுத்தில் தலைகீழாக எப்படி நிற்கும்? அகல வாயுள்ள ஒரு தடித்த உருளையை வனைந்து, கொஞ்சம் விறைக்கவிட்டு, சக்கரத்தின் நடுவில் ஒட்டிக்கொள்ளுங்கள். ஜாடியைத் தலைகீழாக அதற்குள் இறக்கினால், கழுத்து உள்ளே தொங்கும், தோள் உருளையின் விளிம்பில் உட்காரும். கழுத்தின் மேல் ஒரு கிராம் எடைகூட விழக் கூடாது. மேலே ஒரு விரலை வைத்து லேசாக அழுத்திக்கொண்டு சீவுங்கள். அடியில் விரலால் தட்டிக்கொண்டே வந்தால் சத்தம் மந்தத்திலிருந்து கணீரென்று மாறும், அங்கே நிறுத்திவிடுங்கள். எனக்கு அந்தச் சத்தம் பிடிபட ஒன்பது ஜாடி ஓட்டையாயிற்று.

பதினேழாவதன் அடியில் எண்ணை மெல்லக் கீறிவையுங்கள். வெறும் 17 போதும்.